குழாய் போன வழியில் வளர்ந்த ஊர்

கோவைத் தெருக்களின் கதை – 9

சென்ற இதழில் டவுன்ஹாலில் தொடங்கி வெரைட்டி ஹால் ரோடு வரை நடந்தோம். ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகப் படம் காட்டிவிட்டு 1914இல் இந்த ஊரில் நிரந்தரத் திரையரங்கு எழுப்பியதைப் பார்த்தோம். வளர்கிற ஊரின் உற்சாகம் அந்த அத்தியாயம் முழுக்க இருந்தது. அதே ஆண்டுகளில், அதே தெருக்களில், அந்தப் படம் பார்த்தவர்கள் திரும்பிப் போன வீடுகளில் நடந்ததை இந்த இதழில் சொல்ல வேண்டும். அது சாவின் கதை. இன்றைய கோவையின் பேட்டைகள் எதனால் இப்படி அமைந்தன என்பதற்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கிலிருந்து தொடங்கலாம். 1891இல் கோயம்புத்தூர் நகரில் 46,383 பேர் இருந்தார்கள். 1901இல் 53,080 பேர். 1911இல் 47,007 பேர். ஒரு பத்தாண்டில் ஊர் ஆறாயிரம் பேரை இழந்து, இருபது ஆண்டுக்கு முந்தைய அளவுக்கே திரும்பிவிட்டது. பிழைப்பு இல்லாமல் ஆட்கள் வெளியேறிய காலமும் அல்ல அது. ஸ்டேன்ஸ் மில் 1888 முதல் நூல் நூற்றுக்கொண்டிருந்தது. சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி 1906இல் இங்கே வந்தது. 1910இல் லட்சுமி மில் தொடங்கியது. வேலை கூடிக்கொண்டே வந்த ஊரில் ஆட்கள் குறைந்தார்கள். செத்தவர்கள் ஒரு பங்கு, ஊரைவிட்டு ஓடியவர்கள் ஒரு பங்கு. காரணம், பிளேக்.

கூரையைப் பிரித்த காலம்

பம்பாயில் 1896இல் இறங்கிய பிளேக், ரயில் பாதையோடும் தானிய மூட்டையோடும் உள்நாட்டுக்குள் வந்தது. கோவையில் 1903 வாக்கில் தலைகாட்டியது. ஒருமுறை வந்து போகிற நோயாக அது இருக்கவில்லை. 1940கள் வரை விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. ஒரு தலைமுறை முழுவதும் அந்த அச்சத்தோடுதான் வளர்ந்து, மணம் முடித்து, பிள்ளை பெற்றது.

அன்றைய ஊர் எவ்வளவு சிறியது என்பதை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். கோனியம்மன் கோயில், தேர்முட்டி, ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி, ரங்கே கவுடர் வீதி. தெற்கே உக்கடத்துப் பெரியகுளம், கிழக்கே வாலாங்குளம். இதற்குள்தான் ஏறக்குறைய எல்லாரும். வீதிக்கு முகம் காட்டிய பகுதி கடை, அதன் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளி, அதற்கும் பின்னால் கழிவு அள்ளுகிறவர்கள் வந்துபோகிற சந்து. நாட்டு ஓடு வேய்ந்த கூரைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஒரே கட்டடத்தில் பஞ்சுப் பொதியும் பருத்திக்கொட்டையும் சோளமும் ராகியும் மனிதர்களும் சேர்ந்து இருந்தார்கள். எலிக்கு இதைவிட வசதியான ஊர் வேண்டியதில்லை.

எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயை மனிதனுக்குக் கடத்துகிறது என்று பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல் சொன்னார். அவரை உலகம் நம்புவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. இந்திய மக்கள் அதற்கு முன்பே கண்ணால் கண்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மருத்துவப் புத்தகம் படித்து வந்த அறிவல்ல அது. பக்கத்து வீட்டில் எலி விழுந்த சில நாளில் பிணமும் விழுந்ததைப் பார்த்து வந்த அறிவு.

அரசாங்கம் 1897இல் தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதிகாரி எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோகலாம், பொருள்களை எரிக்கலாம். ஓட்டைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், பண்டபாத்திரங்களைத் தெருவில் பரப்பிக் காய வைத்தார்கள். நோய் கண்ட ஊரிலிருந்து வருகிற பயணிக்குச் சென்னை மாகாணத்தில் தனிச் சீட்டு கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் அந்தச் சீட்டோடு நாள்தோறும் அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். பம்பாயில் ஹாஃப்கின் கண்டுபிடித்த தடுப்பூசியும் வந்தது, அதைப் பற்றிய வதந்திகளும் கூடவே வந்தன. ஒரு பெண்ணின் அக்குளையும் தொடையையும் வேற்று ஆண் சோதிப்பதா என்ற கொதிப்பு இந்தியா முழுக்க இருந்தது. நோயை மறைத்தார்கள், சில இடங்களில் பிணத்தையே மறைத்தார்கள். சட்டத்தின் கடுமை நோயை எவ்வளவு தடுத்ததோ தெரியாது, ஆனால் மக்கள் அதிகாரியைக் கண்டு ஒளியப் பழகினார்கள்.

மிஞ்சியது ஊரைவிட்டு வெளியேறும் வழிதான். தோட்டத்தில் சாளை இருந்தவர்கள் அங்கே போய்விட்டார்கள். கிராமத்தில் பங்காளிகள் இருந்தவர்கள் மாட்டுவண்டி கட்டினார்கள். இரண்டும் இல்லாதவர்கள் ஊருக்கு வெளியே தென்னங்கீற்றுக் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். நோய் அடங்கினால் திரும்பி வருவார்கள். பூட்டிய வீட்டைத் திறக்கும்போது எலி நாற்றம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

கோயில் வைத்த தெருக்கள்

அந்த ஆண்டுகளின் அடையாளம் கோவையில் இன்னும் நிற்கிறது. நகரின் பல பகுதிகளில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. அம்மை நோய்க்கு மாரியம்மனிடம் போன மக்கள், ஆங்கிலப் பெயரோடு வந்த புதிய நோய்க்கும் அவளிடமே போனார்கள். நோயின் பெயரையே தாயின் பெயருக்கு முன்னால் வைத்தார்கள். இன்றும் அங்கே ஆடியில் கூழ் ஊற்றுகிறார்கள், மாவிளக்கு எடுக்கிறார்கள். கும்பிட வருகிறவர்களில் பலர் பிளேக்கைப் பார்த்ததில்லை, அவர்கள் தாத்தா பாட்டிகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இருகூர் அருகே காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தபோது வெளியூர்க்காரர்கள் வியந்தார்கள். இந்த ஊருக்கு அது புதிய பழக்கம் அல்ல.

இந்தக் கோயில்களை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. நகரசபையின் பிளேக் பதிவேடுகளில் செத்தவர்கள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். தெருக்காரர்கள் தங்கள் சாவை நினைவில் வைத்துக்கொள்ளக் கட்டிய ஒரே கட்டடம் இந்தக் கோயில்தான். கோவையின் வரலாற்றை எழுத வருகிறவர் மில் முதலாளிகளின் வாழ்க்கை வரலாறுகளைப் படிப்பதற்கு முன்னால் இந்தக் கோயில்கள் எந்தெந்தத் தெருவில் இருக்கின்றன என்று ஒரு வரைபடம் போட வேண்டும்.

வெளியே போ, போகாதே

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நெருக்கம்தான் கொல்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஊரைச் சுற்றி வெட்டவெளி கிடந்தது. பிறகு ஏன் நோய் அடங்கியதும் மக்கள் அதே நெருக்கத்துக்குத் திரும்பினார்கள்?

தண்ணீர் என்பதே என் விடை. பிளேக் தண்ணீரால் பரவுகிற நோய் அல்ல, காலராதான் அப்படிப் பரவியது. ஆனால் மக்களை ஒரே இடத்தில் நெருக்கி வைத்தது தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர் இது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கிற தென்மேற்குப் பருவமழை இங்கே குளிர்ந்த காற்றாகத்தான் வந்து சேரும். நொய்யலில் வெள்ளம் வருகிற சில நாளில் வாய்க்கால் வழியே குளங்களை நிரப்பி வைத்து, ஆண்டு முழுவதும் காலம் தள்ளினார்கள். தோண்டிய கிணறுகளில் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குடித்தால் தாகம் தீராது. நல்ல தண்ணீர்க் கிணறு எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றித்தான் வீடு கட்ட முடியும். அதைவிட்டு ஒரு மைல் தள்ளிப் போனால் வீட்டுப் பெண் ஒவ்வொரு குடத்துக்கும் அந்த ஒரு மைலை நடக்க வேண்டும். வண்டியில் தண்ணீர் விற்கிறவரிடம் காசு கொடுத்து வாங்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. பிளேக் ‘வெளியே போ’ என்றது, தண்ணீர் ‘போகாதே’ என்றது. முப்பது ஆண்டுகள் கோவை மக்கள் இந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவே சிக்கிக் கிடந்தார்கள்.

இதில் வேதனையான செய்தி ஒன்று உண்டு. நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது பிளேக் வருவதற்கு முன்பே இந்த ஊருக்குத் தெரியும்.

சே. ப. நரசிம்மலு நாயுடுவை முந்தைய அத்தியாயங்களில் சந்தித்திருக்கிறோம். ஈரோட்டில் 1854இல் பிறந்து, கோவையில் ஆசிரியராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் வாழ்ந்தவர். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனவர். டவுன்ஹால் எழுவதற்கும் ஸ்டேன்ஸ் மில் அமைவதற்கும் முன்நின்றவர். அவர் 1889இல் மேற்கே மலையேறிப் போய், முத்திகுளத்து அருவியின் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்ற யோசனையோடு திரும்பினார். சிறுவாணித் திட்டத்தின் தொடக்கம் அதுதான்.

திட்டம் எளிதானது அல்ல. சிறுவாணி ஆறு மலையின் மேற்குப் பக்கச் சரிவில் ஓடிப் பவானியில் கலக்கிறது. கோவை இருப்பது மலைக்குக் கிழக்கே. இடையில் நிற்கும் மலையைக் குடைந்தால்தான் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கும். காடு, மலைக்காய்ச்சல், நகரசபையின் கையில் இருந்த சிறிய வருமானம் எல்லாம் குறுக்கே நின்றன. அடுத்து உலகப்போர் வந்தது. நரசிம்மலு நாயுடு 1922இல் காலமானார். அவர் மலையேறி வந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான், சிறுவாணித் தண்ணீர் ஊருக்குள் குழாயில் வந்தது. அப்போது நகரசபையை நடத்திக்கொண்டிருந்தவர் சி. எஸ். ரத்தினசபாபதி முதலியார்.

அந்த நாற்பது ஆண்டுகளை நான் வெறும் தாமதமாகப் பார்க்கவில்லை. பிளேக்கின் மிகக் கொடிய ஆண்டுகள் அதற்குள்தான் அடங்குகின்றன. ஒரு நல்ல திட்டம் கோப்பில் தூங்குகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள். கோவையில் அந்த விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும், ஓடிப்போய்த் தங்க ஒரு சாளை இல்லாதவர்கள்.

மேற்கே ஒரு புதிய ஊர்

தண்ணீர் வந்ததும் ஊர் விரியத் தொடங்கியது. எந்தத் திசையில் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சிறுவாணி மேற்கே இருக்கிறது. தண்ணீர் மேட்டிலிருந்து தானாகவே இறங்கி வருகிறது. ஆகவே ஊரின் மேற்குப் பக்கம்தான் அதற்கு வாசல். அந்தப் பக்கத்தில் வேளாண் கல்லூரியும் வனக் கல்லூரியும் லாலி ரோடும் முன்பே வந்திருந்தன. பழைய ஊருக்கும் அவற்றுக்கும் நடுவே கிடந்த விளைநிலத்தில் ஒரு புதிய குடியிருப்பை நகரசபை வகுத்தது. அதுவே ரத்தினசபாபதிபுரம், இன்று எல்லார் வாயிலும் ஆர்.எஸ்.புரம்.

1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்திருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1914-15இல், ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெட்டிஸ் மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதியிருந்தார். சுகாதாரம் என்ற பெயரில் பழைய தெருக்களை இடித்துத் தள்ளாதீர்கள், தேவையான இடத்தில் மட்டும் கொஞ்சமாக வெட்டிக் காற்றுக்கு வழி விடுங்கள் என்பது அவர் வாதம். கோவை செய்தது பாதிதான். பழைய தெருக்களைப் பெரிதாக இடிக்கவில்லை. ஆனால் அவற்றைச் சீர்படுத்தும் வேலையிலும் அதிகம் இறங்கவில்லை. வசதி உள்ளவர்கள் வெளியேறுவதற்கு மேற்கே அகலமான புதிய தெருக்களைப் போட்டது.

ஆர்.எஸ்.புரத்து மனையும் தெருவும் பிளேக் கற்றுக்கொடுத்த பாடத்தை அப்படியே பின்பற்றின. நேர்க்கோட்டில் தெருக்கள், ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் சந்திப்புகள். மனைக்கு நடுவில் வீடு, நான்கு பக்கமும் காலி இடம். பக்கத்து வீட்டுச் சுவரைத் தொடாத சுவர். உயரமான கூரை, பெரிய சன்னல், முன்னால் போர்ட்டிகோ, பின்னால் தென்னையும் கிணறும் துவைக்கிற கல்லும். திவான் பகதூர் ரோடு, திருவேங்கடசாமி ரோடு, பொன்னுரங்கம் ரோடு, சம்பந்தம் ரோடு, ஆரோக்கியசாமி ரோடு, ராபர்ட்சன் ரோடு, கௌலி பிரவுன் ரோடு என்று தெருப் பலகைகளில் ஊர்ப் பெரியவர்களும் வெள்ளைக்கார துரைமார்களும் கலந்து நின்றார்கள். வக்கீல், டாக்டர், மில் முதலாளி, பஞ்சு வியாபாரி, ஓய்வு பெற்ற அதிகாரி ஆகியோர் முதலில் குடியேறினார்கள்.

அன்றாட வாழ்க்கை இதனால் எப்படி மாறியது என்று பாருங்கள். ஒப்பணக்கார வீதியிலோ பெரிய கடை வீதியிலோ இருந்தவருக்குக் கடையும் வீடும் ஒன்று. மதியம் சாப்பிட எழுந்து உள்ளே போனால் போதும். வீட்டுப் பெண்களுக்குக் கடையில் யார் வந்தார், என்ன விலைக்குப் பேரம் முடிந்தது என்பது சுவருக்கு அப்பாலிருந்து காதில் விழும். ஆர்.எஸ்.புரத்துக்குப் போனவர் காலையில் ஜட்கா வண்டியிலோ சைக்கிளிலோ கடைக்கு வந்து இரவில் திரும்பினார். வீடு அமைதியானது. வீட்டுப் பெண்ணுக்குக் கிணற்றடியும் குடமும் விட்டன, அதோடு கிணற்றடிப் பேச்சும் விட்டது. தண்ணீர் சேந்துகிற கயிறு உள்ளங்கையில் ஏற்படுத்திய காய்ப்பு அடுத்த தலைமுறைக்கு வரவில்லை. அந்த நேரத்தில் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. குழாய் கொடுத்த இந்த விடுதலையை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. கோவையில் பெண் கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சிறுவாணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

1932இல் பைக்காராவில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும், மலையிலிருந்து தண்ணீரோடு மின்சாரமும் இறங்கியது. மில்கள் பெருகின. மக்கள்தொகை 1911இல் 47,007, 1931இல் 95,198, 1941இல் 1,30,348. இருபது ஆண்டில் ஊர் இரட்டித்தது, அடுத்த பத்தாண்டில் மேலும் முப்பத்தைந்தாயிரம் பேர் சேர்ந்தார்கள். மக்களை இழுத்து வந்தது மில். அவர்களைப் பரந்து வாழ விட்டது தண்ணீரும் மின்சாரமும்.

மேட்டுப்பாளையம் ரயில் பாதைக்குக் கிழக்கேயும் குடியிருப்புகள் எழுந்தன. காட்டூரை அடுத்து ராம்நகர், அதற்கு வடக்கே காந்திபுரம், மின்சார வாரியத்தோடு இன்றும் பிரியாத டாடாபாத். ராம்நகர் தெருப் பலகைகளில் அன்சாரியும் சென்குப்தாவும் சரோஜினியும் படேலும் ராஜாஜியும் வந்தார்கள். ஆர்.எஸ்.புரம் ஜஸ்டிஸ் கட்சிக் காலத்து நகரசபையின் பிள்ளை என்றால், ராம்நகர் காங்கிரஸ் காலத்துப் பிள்ளை. தெருவில் நடந்தாலே எந்த ஆட்சியின் நிழலில் எந்தப் பேட்டை பிறந்தது என்று படித்துவிடலாம்.

பின்கட்டுச் சந்தில் நின்றவர்கள்

இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் அது வசதி உள்ளவர்களின் கதையாக மட்டும் முடிந்துவிடும். பழைய ஊரில் யார் மிஞ்சினார்கள்?

வாடகை கொடுத்து இருந்தவர்கள் மிஞ்சினார்கள். பட்டறை, நெசவு, சுமை வேலை என்று கடைவீதியை நம்பி வாழ்ந்தவர்கள் மிஞ்சினார்கள். புதிதாக வந்த மில் தொழிலாளிகள் மில்லைச் சுற்றி லைன் வீடுகளில் நெருங்கிக் குடியேறினார்கள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, வரிசைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. வசதி உள்ளவர்கள் எந்த நெருக்கத்தைவிட்டு மேற்கே ஓடினார்களோ, அதே நெருக்கம் கிழக்கே புதிதாகக் கட்டப்பட்டது.

இவர்கள் எல்லாருக்கும் கீழே ஒரு வரிசை இருந்தது. பிளேக் ஆண்டுகளில் எலியையும் பிணத்தையும் அள்ளியவர்கள், பின்கட்டுச் சந்துகளில் மலம் சுமந்தவர்கள், நகரசபையின் துப்புரவுத் தொழிலாளர்கள். பெரும்பாலும் அருந்ததியர். ஊரைக் காப்பாற்றிய வேலை அவர்களுடையது. அவர்கள் ஊர்ப் பொதுக் கிணற்றில் கயிறு போட முடியாது. யாராவது இரங்கி ஊற்றினால்தான் அவர்கள் குடத்துக்குத் தண்ணீர். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெருவும் கிணறும் குளமும் எல்லாருக்கும் பொது என்றது. அதே அவையில் கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன் இந்த உரிமைக்காக வாதாடினார். சட்டம் சொன்னது கிணற்றடிக்கு வந்து சேர நெடுநாள் ஆனது.

குழாய் இதில் ஓரளவு மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஒருவர் தொட்ட தண்ணீர் அடுத்தவர் குடத்துக்குப் போகிறது என்ற வாதம் கிணற்றில் செல்லும், ஓடுகிற குழாயில் செல்லாது. ஆனாலும் தெருக்குழாயை எந்த முனையில் நடுவது என்பதை முடிவு செய்தவர்கள் யார்? எந்தச் சேரிக்கு எத்தனை குழாய்? உக்கடத்தை ஒட்டிய சி.எம்.சி. காலனியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் மேம்பாலப் பணிக்காக வீடுகளை இழந்து, மாற்று வீட்டுக்காகக் காத்திருந்ததை நம் காலத்திலேயே பார்த்தோம். ஊரின் நடுவில் நூறு ஆண்டு உழைத்தவர்களுக்கு ஊரின் நடுவில் ஒரு வீடு என்பது இன்றும் போராடிப் பெற வேண்டியதாக இருக்கிறது.

இன்றைய வாடகைப் பேச்சு

கோவையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஏனுங்க, சிறுவாணித் தண்ணி வருதுங்களா?” வீட்டுக்காரர் “வருதுங்க” என்றால் வாடகை ஒரு மாதிரி. “பில்லூர்த் தண்ணிதானுங்க, ஆனா நல்லா வரும்” என்றால் வேறு மாதிரி. “போர் தண்ணிதான்” என்றால் பேச்சு அங்கேயே தளர்ந்துவிடும். மேற்கும் நடுநகரமும் சிறுவாணியையும், கிழக்கும் வடக்கும் பெரும்பாலும் பவானி ஆற்றின் பில்லூர் திட்டங்களையும் நம்பியிருக்கின்றன. நூறு ஆண்டுக்கு முன்பு குழாய் வந்த திசை இன்றைக்கும் சதுர அடி விலையில் தெரிகிறது.

ஆர்.எஸ்.புரத்தின் பழைய பங்களாக்கள் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. நான்கு பக்கமும் காலி இடம் விட்ட மனைகளில் துணிக்கடைகளும் மருத்துவமனைகளும் அடுக்கு மாடிகளும் சுவரோடு சுவர் உரசி நிற்கின்றன. அமைதிக்காக ஊரைவிட்டு வந்தவர்களின் திவான் பகதூர் ரோட்டில் இன்று பல அடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வடவள்ளிக்கும் சரவணம்பட்டிக்கும் போய்விட்டார்கள். தாத்தா செய்ததைத்தான் அவர்களும் செய்கிறார்கள். நெருக்கத்தைவிட்டு, காற்றையும் காலி இடத்தையும் தேடிப் போகிறார்கள். ஒரு வேறுபாடு மட்டும் இருக்கிறது. அன்றைக்குக் குழாய் முன்னால் போனது, வீடு பின்னால் வந்தது. இன்றைக்கு வீடு முன்னால் போகிறது, குழாய் பல ஆண்டு கழித்து வருகிறது. இடைப்பட்ட காலத்தை ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும் நிரப்புகின்றன.

2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் துடியலூர், வடவள்ளி, சரவணம்பட்டி, காளப்பட்டி போன்ற பேரூராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்து நூறு வார்டுகள் ஆயின. 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் என்று ஒன்று வந்தபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவை பழைய நகரத்தின் 60 வார்டுகள். சேர்க்கப்பட்ட பகுதிகள் வரி கட்டுவதில் உடனே மாநகரம் ஆயின, தண்ணீர் பெறுவதில் பிறகு. குளக்கரைகளை அழகுபடுத்துவதற்காக முத்தண்ணன் குளம், வாலாங்குளம் கரைகளிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற நகர ஓரங்களில் அடுக்கு வீடுகள் கொடுக்கப்பட்டன. கடைவீதியில் சுமை தூக்கவும், வீட்டு வேலை செய்யவும் அவர்கள் அங்கிருந்து பேருந்து ஏறி வர வேண்டும். பிளேக் காலத்தில் வசதி உள்ளவர்கள் விரும்பி வெளியேறினார்கள், வசதி இல்லாதவர்கள் உள்ளே நெருங்கிக் கிடந்தார்கள். இன்று உள்ளே நிலத்தின் மதிப்பு ஏறிவிட்டது, வசதி இல்லாதவர்கள் வெளியே அனுப்பப்படுகிறார்கள். திசை மாறியிருக்கிறது. முடிவு செய்கிறவர்கள் மாறவில்லை.

ஒரு நகரத்தின் பேட்டைகள் தாமாக வளர்வதில்லை என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது. எந்தத் தெருவுக்குக் குழாய் முதலில் போக வேண்டும், எந்தத் தெரு காத்திருக்க வேண்டும் என்று யாரோ ஓர் அறையில் அமர்ந்து முடிவு செய்கிறார்கள். நூறு ஆண்டுக்கு அந்த முடிவு தெருவின் அகலத்திலும் வீட்டின் விலையிலும் பிள்ளைகளின் படிப்பிலும் உடல் நலத்திலும் தங்கிவிடுகிறது. நரசிம்மலு நாயுடு மலையேறியபோது அவர் தேடியது எல்லாருக்குமான தண்ணீர். அது ஊருக்கு நாற்பது ஆண்டு தாமதமாக வந்தது, ஊரின் ஒரு பாதிக்கு அதைவிடத் தாமதமாக வந்தது. புதிய வார்டுகளுக்குக் குழாய் பதிக்கும் இந்த ஆண்டுகளிலாவது அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். காத்திருக்க வசதி இல்லாதவர்களின் தெருவில்தான் முதல் குழியைத் தோண்ட வேண்டும்.

அடுத்த இதழில் ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே போகிறோம். பீளமேடும் சிங்காநல்லூரும் உப்பிலிபாளையமும் மில் சங்கின் நேரத்துக்கு எழுந்து, உண்டு, உறங்கிய காலம். ஒரு ஷிப்டில் கணவனும் மறு ஷிப்டில் மனைவியும் உழைத்த லைன் வீடுகள். 1946 ஜனவரியில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வரின் கதை. இவற்றைப் பார்ப்போம்.

(தொடரும்)